இளையோர் கபடி அணித் தேர்வு: செங்கல்பட்டுக் கடற்கரையை முன்வைத்து

ஊர்க் குழுக்களிலும் பள்ளிகளிலும் ஆடும் சிறுவர் சிறுமியரிலிருந்து மாவட்டத்துக்காகவும் மாநிலத்துக்காகவும் நாட்டுக்காகவும் ஆடப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கும் முறையே இளையோர் கபடி அணித் தேர்வு. ஆடுகளத்தில் இறங்குவது ஏழு பேர். மற்ற ஐவர் மாற்று ஆட்டக்காரர்கள். ‘செலக்‌ஷன்’ என்றே ஊரில் இதற்குப் பெயர். சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம் என்று நீளும் கடலோரத்தில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடக்கும் மின்னொளி கபடியில் சுழற்கோப்பை வாங்குவது ஒரு பெருமை. செலக்‌ஷனில் பெயர் வருவது வேறொரு பெருமை. முன்னது குழுவுக்குப் போகும். பின்னது அந்தப் பிள்ளைக்கும் அதன் எதிர்காலத்துக்கும் போகும்.

இரண்டு வழிகள்

மேலே போக இரண்டு வழிகள் உண்டு, அவற்றின் நியாயமும் வேறு வேறு. முதலாவது பள்ளி வழி. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டம் வழியாக மாநிலம்வரை செல்கின்றன. இங்கே குறுவட்டத்தில் வென்ற பள்ளி அணியே அடுத்த படிக்கு ஏறும். யாரும் யாரையும் பொறுக்குவதில்லை. பலகையில் ஏறிய புள்ளியே தீர்ப்பு. தோற்ற பள்ளியில் இருக்கும் நல்ல ரைடர் (எதிரணிக்குள் பாடிப்போய்த் தொட்டு வருபவர்) அன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பது இதன் குறை. 1954-ல் தொடங்கிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகளுக்கு மாநில அணியை அமைக்கும்போதுதான் இந்த வழியிலும் பொறுக்கும் வேலை வருகிறது. அங்கு 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள்.

இரண்டாவது, கழக வழி. ஊர்க் குழுக்கள் மாவட்டக் கபடிக் கழகத்தில் பதிந்துகொள்ளும். மாவட்டச் சாம்பியன்ஷிப்பிலோ, அதற்கென்று வைக்கும் ஒருநாள் தேர்விலோ மாவட்ட அணி அமையும். மாவட்ட அணிகள் மோதும் மாநிலப் போட்டியில் தேறியவர்கள் பயிற்சி முகாமுக்குப் போய், அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு ஆடுவார்கள். நாட்டளவில் இதன் உச்சியில் இருப்பது 1972-ல் உருவான இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு. அதன் விதிநூலில் சப்-ஜூனியர் 16 வயதுக்குள், ஜூனியர் 20 வயதுக்குள். ஆசிய இளையோர் விளையாட்டு, கேலோ இந்தியா இளையோர் விளையாட்டு ஆகிய இரண்டுக்கும் வரம்பு 18. ஒரே பெண் ஓரிடத்தில் தகுதியுள்ளவள், இன்னோரிடத்தில் வயது கடந்தவள் என்ற நிலை இதனால்தான் வருகிறது. பெற்றோர் குழம்புவதில் வியப்பில்லை.

மாவட்ட எல்லையும் இதில் ஒரு கட்சி. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. அரசுப் போட்டிகளில் அதுவரை ஒரே அணிக்கு முட்டிமோதிய பிள்ளைகளுக்கு இப்போது இரண்டு அணிகள். திருக்கழுக்குன்றம் வட்டத்துப் பையனுக்கு ஆட்டம் ஒரு புள்ளிகூட மாறவில்லை. வாய்ப்பு மட்டும் இரட்டித்தது. தேர்வு என்பது திறமையை மட்டும் அளப்பதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைக்காது.

எடையும் வயதும்

மற்ற பெரும்பாலான குழு விளையாட்டுகளிலிருந்து கபடியைப் பிரிப்பது எடைத் தராசு. ஜூனியர் ஆண்களுக்கு 70 கிலோ, பெண்களுக்கு 65 கிலோ என்பது விதிநூல் வரம்பு. சப்-ஜூனியருக்கு நெடுங்காலமாக 55 கிலோ. உடல் மோதும் ஆட்டத்தில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையை நசுக்கிவிடக் கூடாது என்பதே நோக்கம்.

வயதுப் பிரிவு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் பனி ஹாக்கி காட்டியது. ரோஜர் பார்ன்ஸ்லியும் மற்றவர்களும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலை இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருந்தார்கள். ஜனவரி 1 கணக்குத் தேதி என்றால் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன். பன்னிரண்டு வயதில் அந்த ஓராண்டு இரண்டு மூன்று அங்குல உயரம். தேர்வாளர் உயரத்தைப் பார்த்துத் திறமை என்று நினைத்துக்கொள்வார். பிறகு பயிற்சியும் நல்ல போட்டியும் அவனுக்கே கிடைக்க, சில ஆண்டுகளில் அவன் உண்மையாகவே மேலானவன் ஆகிவிடுவான். தமிழ்நாட்டில் இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. பிறப்புச் சான்று பரவலாகாத காலத்தில், ஐந்து வயது நிறைந்தால்தான் சேர்க்கை என்பதற்காகத் தலைமையாசிரியர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் மே, ஜூன் மாதங்களில் ஒரு பிறந்த நாளை எழுதிவிடுவார்கள். அந்தத் தலைமுறையின் சான்றிதழை நம்பி இந்த ஆய்வைச் செய்திருந்தால் பள்ளிக்கூடம் திறக்கும் பருவத்தில் பிறந்தவர்களே நல்ல ஆட்டக்காரர்கள் என்று முடிவு வந்திருக்கும்.

எடை வரம்பு இந்தச் சாய்வைப் பாதி திருத்துகிறது. சீக்கிரம் வளர்ந்துவிட்ட பதினைந்து வயதுப் பையன் 58 கிலோ என்றால் சப்-ஜூனியரில் அவனுக்கு இடமில்லை. ஆனால் வேறொரு சாய்வை அதுவே உண்டாக்குகிறது. வரம்புக்குள் அடங்கும் உடலோடு, கூடிய மட்டும் மூத்த வயதில் இருப்பவனுக்கே இப்போது ஆதாயம். மெலிந்த பதினெட்டு வயதுக்காரனைப் பதினாறு என்று காட்டும் ஆசை பிறக்கும் இடம் இதுதான். வயது மோசடியையும் எடை வரம்பையும் தனித்தனிச் சிக்கலாகப் பேசுவது வழக்கம். உண்மையில் ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போடுகிறது. 2010-லேயே மத்திய அரசு வயது மோசடிக்கு எதிரான தேசிய விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்-ரே எடுத்து வயதை மதிப்பிடுகிறது. ஊர்க் கபடிக்கு அதற்கெல்லாம் பணம் ஏது? ஆதார், பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவையே இங்கே சாட்சி.

இன்னொரு கேடு பட்டினி. தேர்வுக்கு முந்தைய நாள் சோறு தண்ணீர் இல்லாமல், தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி வியர்வையில் எடையைக் கரைப்பது ஆட்டக்காரர்கள் அறிந்த பழக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் கூடுதல் எடைக்காக மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் இறுதிப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டபோது, இரவெல்லாம் அவர் பட்ட பாடு நாடறிந்ததாயிற்று. அவர் வயது வந்தவர், சுற்றிலும் மருத்துவர் இருந்தார்கள். இங்கே அதைச் செய்வது வளரும் பிள்ளை, யாரும் பார்க்காத நேரத்தில்.

தேர்வு நாள்

எடை பார்த்து முடிந்ததும் வந்தவர்களை ஏழேழு பேராகப் பிரித்து ஆடவிடுவார்கள். சில ரைடு, சில பிடி, அவ்வளவுதான் நேரம். ஒரு ரைடுக்கு 30 நொடி. அதற்குள் ஒருவன் தன்னை நிரூபித்தாக வேண்டும். இந்த முறை ரைடருக்குச் சாதகமானது. அவன் தனியாள், கால் நீட்டித் தொடுவதும் போனஸ் கோட்டைத் தாண்டுவதும் தூரத்திலிருந்தே தெரியும். பிடிவரிசையின் ஓரத்தில் நிற்கும் கார்னரும் உள்ளே நிற்கும் கவரும் அப்படியல்ல. கார்னர் கணுக்காலைப் பிடித்த அதே நொடியில் கவர் வந்து விழ வேண்டும். கைகோத்து நிற்பவனின் அசைவு பழகியிருந்தால்தான் அது நடக்கும். முன்பின் அறியாத எழுவரை நிறுத்தினால் நல்ல கார்னர்கூட அவசரக்காரனாகத் தெரிவான்.

விளைவு இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, ரைடர்களால் நிரம்பி, பிடிக்க ஆளில்லாத அணி. இல்லையென்றால், சாம்பியன் குழுவின் பிடிவரிசையை அப்படியே தூக்கி வைத்துக்கொண்ட அணி. இரண்டாவதைப் பார்த்ததும் ‘அந்த ஊர்க்காரனையே எடுத்துட்டாங்க’ என்ற குரல் எழும். அந்தக் குரல் சில நேரம் சரி, சில நேரம் தவறு. பழகிய பிடிவரிசைக்கு ஆட்ட மதிப்பு உண்மையிலேயே உண்டு. காரணத்தை வாய்திறந்து சொல்லாத தேர்வாளர்தான் சந்தேகத்துக்கு வழிவிடுகிறார்.

மண்தரையும் விரிப்பான ‘மேட்’டும் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடற்கரை மணலிலும் கட்டாந்தரையிலும் வெறுங்காலோடு ஆடிய பிள்ளை, ஷூ அணிந்து ரப்பர் மேட்டில் முதல்முறை இறங்கும்போது திரும்பும் இடத்தில் தடுமாறும். அன்று அளக்கப்படுவது ஆட்டமா, மேட் வசதியுள்ள ஊரா என்று கேட்கத் தோன்றும். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இதே மாவட்டத்தில் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. தேர்வுக்கு முன் சில நாளாவது குழுக்களை அப்படியொரு இடத்தில் மேட்டில் ஆடவிடுவது பெரிய செலவல்ல.

நீதிமன்றம் வைத்த தேர்வு

தேர்வுச் சண்டை மூத்தோர் அணியில் எங்குவரை போகும் என்பதற்கு 2018 ஓர் எடுத்துக்காட்டு. ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு அணி எடுத்ததில் முறைகேடு நடந்ததாக முன்னாள் ஆட்டக்காரர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தேர்வான அணியும் விடுபட்டவர்களின் அணியும் ஒன்றோடொன்று மோதட்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இடையில் ஜகார்த்தாவில் இந்திய ஆண்கள் அரையிறுதியிலும் பெண்கள் இறுதியிலும் ஈரானிடம் தோற்றார்கள். இரண்டு தங்கமும் முதல் முறையாகக் கைநழுவின. செப்டம்பர் 15 அன்று டெல்லி இந்திரா காந்தி உள்ளரங்கில், ஓய்வுபெற்ற நீதிபதியின் மேற்பார்வையில் அந்த விசித்திரமான ஆட்டத்துக்கு ஏற்பாடானது. விடுபட்டவர்கள் வந்தார்கள். தேசிய அணி வரவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கசப்பு புதிதல்ல. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவரும் 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவருமான மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ 2025 அக்டோபரில் வெளியானது. களத்துக்குப் போகும் வழியிலேயே சாதி ஒருவனை எப்படி மறிக்கிறது என்பதே அந்தப் படத்தின் பேச்சு.

அதே அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியா கபடியில் இரண்டு தங்கமும் வென்றது. இறுதியில் பெண்கள் ஈரானை 75-21 என்று நொறுக்கினார்கள். ஆண்கள் 35-32 என்று தப்பிப் பிழைத்தார்கள். பெண்கள் அணியின் துணைத் தலைவி கார்த்திகா சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்தவர். ஆண்கள் அணியில் இருந்த அபினேஷ் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்தவர். இருவருக்கும் தமிழ்நாடு அரசு தலா 25 லட்சம் ரூபாய் வழங்கியது. நீர்வழிக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய கண்ணகி நகர், முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படுவதாக இளைஞர்கள் குறைபட்ட பகுதி. அப்பகுதி அடங்கிய சோழிங்கநல்லூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேரும்வரை அது காஞ்சிபுரம் மாவட்டக் கணக்கில்தான் இருந்தது. கார்த்திகாவைச் சிறு வயதில் கண்டுபிடித்தது ஒருநாள் செலக்‌ஷன் அல்ல. அன்றாடம் மாலையில் பிள்ளைகளை ஆடவிட்ட ஊர்க் குழு.

ரக்பியோடு ஓர் ஒப்பீடு

உடல் மோதும் இன்னொரு ஆட்டமான ரக்பியிலும் இதே கேள்விகள்தான். ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை 2025-ல் சென்னை புல்ஸ் வென்றபோதும், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அந்த ஆட்டத்துக்கு வேர் இல்லை. வேர் உள்ள நியூசிலாந்தில், ஆக்லாந்துச் சிறுவர் ரக்பியில் வயதோடு எடையையும் பார்த்துப் பிரிக்கும் பழக்கம் உண்டு. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரமில், அதாவது இரு அணியினரும் தோள்கோத்து முட்டித் தள்ளுவதில், ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது. முன்வரிசை மூவரும் அதற்கெனப் பயின்றவர்களாக இருக்க வேண்டும். ஆகவே வேகமாக ஓடும் பதினைந்து பேரைப் பொறுக்கினால் போதாது. கார்னரையும் கவரையும் தனியே தேடிப் பார்க்கும் வழக்கம் கபடித் தேர்வுக்கு அங்கிருந்து வரலாம்.

அதே நாட்டின் நார்த் ஹார்பர் ரக்பி சங்கம் 2019-ல் ஒரு படி மேலே போய், சிறுவர் பிரதிநிதி அணிகளையே நிறுத்துவதாக அறிவித்தது. சின்ன வயதில் ‘நீ தேறவில்லை’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள் என்பது வாதம். பெற்றோர் பலர் கொதித்தார்கள். ஆனாலும் அதே ஆண்டில் ரக்பி, கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி, நெட்பால் ஆகிய ஐந்து அமைப்புகளும் சிறுவர் விளையாட்டில் போக்கை மாற்றுவதாகக் கூட்டாக உறுதியளித்தன.

அந்த மருந்து இங்கே செல்லாது. காரணம், சான்றிதழ். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. கல்லூரிச் சேர்க்கையிலும் தனி இடங்கள் உண்டு. மத்திய அரசுப் பணி ஒதுக்கீட்டில் நாட்டுக்கு ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2, மாநிலப் பள்ளி அணிக்குப் படிவம் 4. ஆக்லாந்துச் சிறுவன் அணியில் இடம் இழந்தால் ஒரு சட்டையை இழக்கிறான். மீனவக் குப்பத்துப் பிள்ளை இழப்பது ஒரு குடும்பத்தின் முதல் மாதச் சம்பளமாக இருக்கலாம். அணிகளை ஒழிக்க முடியாது. தேர்வை வெளிச்சத்தில் நடத்தத்தான் வேண்டும்.

இதே கரையில் வளர்ந்துவரும் அலைச்சறுக்கில் இந்தச் சச்சரவு குறைவு. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. அது தனிநபர் விளையாட்டு. ஒவ்வொரு அலைக்கும் நடுவர் மதிப்பெண் உடனே அறிவிக்கப்படும். கபடியில் அந்த அளவுக்கு முடியாது என்றாலும், தேர்வில் ஒவ்வொருவரும் எடுத்த ரைடுப் புள்ளியையும் பிடியையும் ஒரு தாளில் எழுதி, எடையோடு சேர்த்து அன்று மாலையே சுவரில் ஒட்டலாம். தேர்வாளரின் சொந்தக் குழுவிலிருந்து ஆள் வந்தால் அவர் அந்தப் பெயருக்கு வாக்களிக்காமல் ஒதுங்கலாம். இரண்டுக்கும் காசு தேவையில்லை.

தேர்வுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஆதார், பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் மூலத்தையும் நகலையும் கொடுத்தனுப்புங்கள். எடையை இரண்டு மாதம் முன்பே பாருங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் பட்டினி போடாமல் அடுத்த பிரிவில் ஆடவிடுங்கள்.