மலைநாட்டுக்கு ஏற்ற கொள்கை

கணிப்பொறியில் ஆடப்படும் ஆட்டங்களுள் 'சிவிலைசேஷன்' புகழ் பெற்றது. 1991-இல் முதன்முதலாக வெளிவந்த இவ்வாட்டத்தில் நீங்களே ஒரு நாகரிகத்தின் தலைவர். 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், தொடக்கத்திலேயே அரசின் கொள்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில நகரங்களே போதுமென்றால் 'மரபு' ஏற்றது. பல நகரங்களை விரைவில் அமைக்க 'சுதந்திரம்' உதவும். எது சிறந்தது? உங்கள் நாகரிகத்தையும் அதன் நிலத்தையும் பொறுத்தது அது. அவ்வாட்டத்தில் வரும் இன்கா மக்களின் உண்மை வரலாற்றையே எடுத்துக்கொள்வோம்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், 15-ஆம் நூற்றாண்டில் இன்காப் பேரரசு விரிந்தது. அங்கே சமவெளி குறைவு; உறைபனி மிகுதி. குதிரையோ வண்டியோ இல்லை. நாணயமும் இல்லை. அப்படியானால் அரசு எதை வரியாகப் பெறுவது? உழைப்பைத்தான்! ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்து அரசுப் பணி செய்தது. இதற்கு 'மிட்டா' என்று பெயர். மலைச்சரிவுகளில் படிக்கட்டு வயல்களும், சுமார் 30,000 கிலோமீட்டர் சாலைகளும் இவ்வாறு உருவாயின.

இக்கொள்கையை எந்த மன்னனும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் வயலில் மற்றவர் கைகொடுப்பது மலைக் கிராமங்களின் பழைய வழக்கம். அரசு அதையே பெரிதாக்கிக் கொண்டது. உழைத்தவருக்கு உணவும் பானமும் அரசே அளித்தது. அதற்காகக் காற்றோட்டமுள்ள குளிர்ந்த சரிவுகளில் களஞ்சியங்கள் கட்டப்பட்டன. உவானுக்கோ பாம்பா என்னும் ஊரில் மட்டும் ஏறத்தாழ 500 களஞ்சியங்கள் இருந்தன! உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்தினர். 'சூன்யோ' எனப்படும் இது பல ஆண்டுகள் கெடாது. பயிரை வாட்டும் பனியே உணவைக் காக்கும் கருவியாயிற்று!

1532-இல் ஸ்பானியர் வந்தனர். 1545-இல் பொட்டோசி மலையில் வெள்ளி கிடைத்தது. 1573-இல் ஆளுநர் தொலேதோ பழைய மிட்டா முறையையே சுரங்கத்துக்குப் பயன்படுத்தினார். குறிப்பிட்ட மாவட்டங்களின் ஆடவரில் ஏழில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் அங்கே செல்ல வேண்டும். கொடுத்த கூலியோ உணவுக்கே போதவில்லை. பலர் ஊரைவிட்டே ஓடினர். 1812-இல்தான் இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

பெயர் ஒன்றே, மக்களும் அவர்களே, மலையும் அதுவே. ஆனால் உழைப்பைப் பெற்ற அரசு, களஞ்சியத்தைத் திறக்க மறந்தது. ஒரு கொள்கை நிலத்துக்குப் பொருந்தினால் மட்டும் போதாது. கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். ஆட்டத்தில் தவறினால் மறுபடியும் தொடங்கலாம். வரலாற்றில் அது இயலாதன்றோ?