வண்ணக்கரும் ‘டிரஸ்ட்’ என்னும் சொல்லும்

மட்டக்களப்பிலிருந்து வடக்கே வாழைச்சேனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை ஆகிய ஊர்களைக் கடந்தால் சித்தாண்டி வரும். அங்கே சித்திர வேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். இவ்வட்டாரத்துப் பழங்கோயில்களின் உடைமையைப் பேணும் பொறுப்பாளரை மக்கள் ‘வண்ணக்கர்’ என்பர். ஆங்கிலச் சட்டமோ அத்தகையவரை ‘டிரஸ்டி’ என்னும். இரண்டும் ஒன்றுதானா?

‘டிரஸ்ட்’ என்பது நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். உறுதி, நம்பிக்கை என்பனவே அதன் பழம்பொருள்கள். அச்சொல்லுக்குள் நிலமும் பணமும் புகுந்தது எங்ஙனம்? 13ஆம் நூற்றாண்டிலே பிரான்சிஸ்கன் துறவியர் இங்கிலாந்துக்கு வந்தனர். உடைமை கொள்ளோம் என நோன்பு பூண்டவர்கள் அவர்கள். ஆனால், தங்குவதற்கு ஒரு வீடு வேண்டுமே! நிலம் நகரத்தார் பெயரில் இருந்தது. பயன் துறவியரைச் சேர்ந்தது. நிலக்கிழாரும் மனைவி மக்களின் நலங் கருதித் தம் நிலத்தை நண்பர் பெயருக்கு எழுதிவைத்தனர். நண்பன் மனம் மாறினால்? பொதுச் சட்ட மன்றங்கள் பெயருக்கு உரியவனையே உடையவன் என்றன. கைவிடப்பட்ட கைம்பெண் அரசனின் சான்சலரிடம் முறையிட்டாள். அவர் நண்பனின் மனச்சான்றைப் பிணித்தார். எட்டாம் ஹென்றி 1536இல் இம்முறையை ஒடுக்கச் சட்டஞ் செய்தும், அது வேறு வடிவிலே பிழைத்துக்கொண்டது. உள்ளத்து நம்பிக்கை இவ்வாறு வழக்காடத்தக்க உரிமையாயிற்று. இலங்கையில் அதற்கென 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எழுந்தது. ‘நம்பிக்கையாளர்’ என்ற நம் வழக்கு ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பே. தமிழகத்தார் ‘தருமகர்த்தா’ என்பர்.

வண்ணக்கரின் வழி வேறு. சங்கப் புலவருள் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒருவர் உண்டு. நாணயத்தை நோட்டம் பார்ப்பவனே வண்ணக்கன். கோயிற் பணத்தை ஏற்பவருக்கு அப்பெயரே வழங்கலாயிற்று எனக் கொள்ளல் பொருந்தும். ஆங்கிலச் சொல் நம்புவதிலே பிறந்தது. தமிழ்ச் சொல்லோ, சற்றே ஐயுற்று உரசிப் பார்ப்பதிலே பிறந்தது!

இன்னொன்றும் உண்டு. மட்டக்களப்பிலே இப்பதவி குடிக்கு உரியது. குடியோ தாய்வழி வருவது. ஒரே குடிக்குள் மணம் செய்வது முறையன்று. ஆகவே தந்தை வண்ணக்கராயினும் மகன் அவர் குடியினன் அல்லன். சகோதரியின் மகனே அக்குடியினன். மகன் உரிமை கோருவதாயின், தன் தாயின் குடிக்கு உரியதையே கோரலாம்.