ரேந்தை விற்ற காசில் விடுதலை

18-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், நாஞ்சில் நாட்டு மயிலாடியிலிருந்து மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். சாம்பவர், அதாவது பறையர், குலத்தில் பிறந்தவர். நந்தனாரைத் தீயில் இறக்கிய பிறகே உள்ளே விட்டதாகப் புராணம் சொல்லும் கோயில் அது. நெருப்பில் இறங்காத சாம்பவருக்கு அங்கே என்ன வரவேற்பு இருந்திருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். தஞ்சை மிஷன் போதகர் கோல்ஹாஃபின் உபதேசத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற புதுப் பெயரோடு ஊர் வந்து சேர்ந்தார்.

தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேர்விட்ட கதையை வெள்ளைக்கார மிஷனரியில் தொடங்குவதுதான் வழக்கம். உண்மையில் அந்த மிஷனரியை வரவழைத்ததே இந்த மயிலாடிக்காரர்தான். அவர் வேண்டுகோளைக் கேட்டு, லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியரான ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். பிரஷ்ய நாட்டுக்காரர். ஒரு குடிசையில் இருந்துகொண்டு, கையில் வந்த சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். 1809-இல் மயிலாடியில் கிறிஸ்தவக் கோயில் எழும்பியது. உடல் நலிந்து 1816-இல் அவர் ஊரைவிட்டுப் போனபோது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். சபையாரில் பெரும்பாலோர் நாடார்கள், தலைவரோ சாம்பவர். அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயமல்ல. கப்பலேறிய ரிங்கல்தௌபே பிறகு என்ன ஆனார் என்பதற்குத் தடயமே இல்லை.

ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களைப் பற்றி ரிங்கல்தௌபேக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆத்தும ரட்சிப்பைவிட வரித்தொல்லையிலிருந்தும் அதிகாரிகளின் அடி உதையிலிருந்தும் தப்பிப்பதில்தான் அவர்களுக்குக் கண் என்று நினைத்தார். அவர் நினைத்ததில் தவறில்லை. ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிற வசதி மிஷனரிக்கு இருந்தது, பனையேறிக்கு இல்லை. நாடார், ஈழவர் போன்றோர் ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி கட்ட வேண்டும். கூலியில்லாமல் அரசாங்கத்துக்கு வேலை செய்கிற ஊழியம் வேறு. பறையர், புலையர் நிலை இன்னும் கீழே: அவர்களில் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், ஒற்றி வைக்கப்பட்டார்கள். 1836-இல் எடுத்த கணக்கின்படி திருவிதாங்கூரில் அடிமைகள் ஏறத்தாழ 1,65,000 பேர். மொத்தக் குடிமக்கள் 13 லட்சத்தை எட்டாத நாட்டில் இந்தத் தொகை.

இப்படிப்பட்ட இடத்தில் ‘ஓய்வுநாளை ஆசரிப்பாயாக’ என்ற கட்டளை வந்து இறங்கினால் என்ன ஆகும்? கர்னல் மன்றோ பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழிய வேலைக்கு வரத் தேவையில்லை என்று உத்தரவு பிறந்தது. தேவையில்லை என்று சர்க்கார் சொன்னாலும் உள்ளூர் அதிகாரி சும்மா விடவில்லை. அதற்காகவே பல சண்டைகள் நடந்தன. ஆனாலும் ஏழில் ஒரு நாள் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு காகிதம் இருந்தது. பிரசங்கத்தில் கேட்ட விடுதலைக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய முதல் அடையாளம் அதுதான்.

1818-இல் அதே லண்டன் சங்கத்தின் மிஷனரியாகச் சார்லஸ் மீட் வந்தார். அடுத்த ஆண்டு சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் வந்து சேர்ந்தார்கள். மிஷனின் தலைமையிடம் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாறியது. திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் நெல்வயல் வாங்க 5,000 ரூபாய் கொடுத்தார். அந்த வயல்களின் வருமானத்தில் மிஷனின் செமினரி நடந்தது. மீட் சில காலம் நாகர்கோவில் கோர்ட்டில் நீதிபதியாகவும் உட்கார்ந்தார். போதகர் நியாயாசனத்தில் அமர்வது லண்டன் சங்கத்தாருக்குப் பிடிக்கவில்லை; ஆனால் கச்சேரி வாசலில் நிற்கவே அஞ்சிய ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியத்தைக் கொடுத்திருக்கும்!

மார்த்தா மால்ட்டின் வேலை பங்களா வராந்தாவில் நடந்தது. பெண் பிள்ளைகளுக்காக விடுதிப் பள்ளி. எழுத்தும் கணக்கும் வேதபாடமும் போக, 1820-களின் தொடக்கத்தில் ரேந்தை (லேஸ்) பின்னவும் சொல்லிக்கொடுத்தார். ஊசியும் கையுமாகச் செய்கிற தையல் அல்ல இது. உள்ளே இறுக்கி அடைத்த திண்டு ஒன்று மடியில் இருக்கும். அதன்மேல் சித்திர மாதிரி குத்திய அட்டை. அட்டையில் உள்ள ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி. நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் திண்டிலிருந்து தொங்கும். இடதை வலதின்மேல் தாண்டவிட்டு, முறுக்கி, ஊசியைச் சுற்றி இழுக்க வேண்டும். ஒரு கட்டை தடம் மாறினால் பூ கோணிக்கொள்ளும், பிரித்துவிட்டு மறுபடி பின்ன வேண்டியதுதான். வேர்வைக் கை பட்டால் வெள்ளை நூல் அழுக்காகிவிடும். ஆகவே கை எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும். தொட்டாலே தீட்டு என்று ஊர் ஒதுக்கிய பிள்ளைகளின் விரலிலிருந்து வந்த இந்தச் சரக்கை, பணம் கொடுத்து வாங்கிக் கழுத்தில் அணிந்துகொண்டார்கள் வெள்ளைக்காரச் சீமாட்டிகள்.

அந்தப் பணத்துக்குப் போன இடம்தான் முக்கியம். பள்ளியில் படித்தவர்களில் அடிமைச் சிறுமிகளும் உண்டு. அடிமை வியாபாரத்தைக் கட்டுப்படுத்தி 1812-லேயே அரசு ஓர் உத்தரவு போட்டிருந்தது. ஆனால் நிலத்தில் உழைக்கும் சாதிகளுக்கு விதிவிலக்கு. அதாவது யாருக்குத் தேவையோ அவர்களைத் தவிர மற்றவர்களுக்கு. உடைமைக்காரனுக்கு விலையைக் கொடுத்தால் மட்டுமே பிள்ளைக்கு மீட்பு. சிலருக்கு மிஷன் நண்பர்கள் கொடுத்தார்கள். வேறு சில பெண்கள் தாங்கள் பின்னிய ரேந்தையின் கூலியைச் சேர்த்து வைத்துத் தாங்களே தங்கள் விலையைச் செலுத்தி விடுதலை வாங்கினார்கள். இந்த வரலாற்றில் ராஜ விளம்பரங்களையெல்லாம்விட இது ஒரு படி மேல் என்றே சொல்ல வேண்டும். யாரும் கொடுத்த விடுதலை அல்லவே.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844-இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது இந்தக் கைத்தொழிலும் தேரிக்காட்டுக்குப் போனது. கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய வீட்டில் ரேந்தைக் கட்டைகளும் ஓடிக்கொண்டிருந்தன. கால்டுவெல்லைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறோம், எலைசாவைப் பற்றி ஒரு பக்கம் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

கை சம்பாதித்தால் உடம்பும் மரியாதை கேட்கும். நாடார் உள்ளிட்ட சாதிப் பெண்கள் உயர்சாதியார் முன் மார்பை மறைக்கக் கூடாது என்பது அப்போதைய ஊர்ச்சட்டம். கிறிஸ்தவப் பெண்கள் சிரியன் கிறிஸ்தவர்களைப் போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று மன்றோ அனுமதித்திருந்தார். மிஷனரிகளின் மனைவிமார் தளர்வான ஒரு குப்பாயத்தைத் தைத்துக் காட்டினார்கள். பெண்கள் அதை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் அதோடு நிற்கவில்லை. குப்பாயத்தின்மேல், நாயர் பெண்கள் போடுவதுபோல் ஒரு மேல்முண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இதைச் செய்யச் சொல்லி எந்த மிஷனரியும் சொன்னதில்லை. 1822-இல் சந்தையிலும் வழியிலும் பெண்களின் துணியைக் கிழித்த கலவரம் தொடங்கியது இந்த மேல்முண்டை வைத்துத்தான். பத்மநாபபுரம் கோர்ட்டில் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கலவரம் மறுபடி வெடித்தது. 1829 பிப்ரவரியில் ராணியின் விளம்பரம் குப்பாயத்தை அனுமதித்து மேல்முண்டைத் தடுத்தது.

விடுதலைக் காற்று சபைக்குள் மட்டும் வீசியது என்று சொன்னால் அது பொய். இதே காலத்தில் சில கல் தொலைவில், சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம்மைப் பின்பற்றிய ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார்; திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறையிருந்தார். அவர் பின்னால் போன கூட்டத்தை மிஷன் அறிக்கைகள் எரிச்சலோடு குறிப்பிடுகின்றன. இரண்டு தரப்பும் ஒரே ஜனத்தின் ஒரே பசிக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

மிஷனின் மனசாட்சிக்கும் எல்லை இருந்தது. இரண்டு மனைவியரை இழந்த மீட், 1850-களின் தொடக்கத்தில் உபதேசியார் ஒருவரின் மகளான லோயிசைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் பறையர் குலத்தவர். கிறிஸ்துவுக்குள் பேதமில்லை என்று முப்பது வருஷமாகப் போதித்த சகாக்களுக்கு இதை விழுங்க முடியவில்லை. மீட் சங்கத்தை விட்டு விலகி, திருவனந்தபுரத்தில் அரசுப் பணிக்குப் போனார்.

1847-இல் மிஷனரிகள் உத்திராடம் திருநாள் மகாராஜாவிடம் அடிமைமுறையை ஒழிக்கக் கோரி மனுக் கொடுத்தார்கள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. 1853-இல், சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டும் விடுதலை என்று அரை மனதாக ஒரு விளம்பரம். முழு ஒழிப்பு 1855 ஜூன் 24-இல்தான் வந்தது. அதற்குள் ரேந்தைப் பெண்கள் சிலர் விலை கட்டி வெளியே வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. மற்றவர்களுக்குக் காகிதத்தில் விடுதலை கிடைத்தது, ஆனால் ஒரு குழி நிலம்கூடக் கிடைக்கவில்லை. அறுவடைக்குப் பழைய எஜமான் வயலுக்கே திரும்பிப் போனார்கள்.

தோள்சீலை என்கிற அந்த மேல்முண்டுக்காக 1858 கடைசியில் மூன்றாம் முறை கலவரம் மூண்டது. கிறிஸ்தவக் கோயில்களும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்க, திவான் மாதவராவ் காலத்தில், 1859 ஜூலை 26-இல் மகாராஜா விளம்பரம் செய்தார்: நாடார் பெண்கள் எந்த மதத்தாரானாலும் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையை நாகர்கோவில் சந்தைக்குப் போன பெண்கள் யாரும் சட்டை செய்யவில்லை.