காருக்கு ரயில் உண்டு, ஆளுக்கு இல்லை!

கார் ஓட்டும் யாரிடமாவது பேசிப் பாருங்கள். ரோடு போதவில்லை, வண்டி நிறுத்த இடமில்லை, ஓரமெல்லாம் கன்டெய்னர் லாரி நிற்கிறது என்பார்கள். "பஸ்ஸில் போகலாமே?" என்றால், "எந்த பஸ்ஸில்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஏன் என்று தெரிய, கார்கள் பிறக்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

இருங்காட்டுக்கோட்டைக்குத் தொழிற்சாலைக்கு முன்பே கார் வந்துவிட்டது! 1990இல் அங்கே கார் பந்தயத் தளம் திறக்கப்பட்டது. 1996இல் ஹூண்டாய் வந்தது. 1998இல் முதல் சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு ஒரகடத்தின் முறை: 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு.

ஆலைகள் வந்தன. சாலைகள் அகலமாயின. ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. ஆவடி–ஸ்ரீபெரும்புதூர்–கூடுவாஞ்சேரி ரயில் பாதை பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து இந்த வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோ என்பதும் திட்டம்தான்.

வேடிக்கை என்னவென்றால், இங்கே செய்யும் கார்களுக்கு ரயில் இருக்கிறது! பக்கத்து வாலாஜாபாத் நிலையத்தில் புதுக் கார்கள் ரயிலேறி வடமாநிலங்களுக்குப் போகின்றன. அந்தக் காரைச் செய்தவர் மட்டும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்.

கம்பெனி பஸ் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அது ஷிப்டுக்கு மட்டும் ஓடும். ஊர்க்காரர் ஏற முடியாது. 2014இல் நோக்கியா ஆலை மூடியபோது அதன் பஸ்களும் நின்றுபோயின. அரசு பஸ் வழித்தடமாக இருந்திருந்தால் ஆலை போனாலும் பஸ் ஓடியிருக்கும். தூரத்துப் பிரச்சினைக்கு இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள்: ஆட்களை ஆலைக்குப் பக்கத்திலேயே தங்க வைப்பது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. தங்க இடம் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போக மறுபடியும் பஸ்தானே தேட வேண்டும்?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1914இல் தினக்கூலியை 5 டாலராக்கினார். டெட்ராய்ட் தொழிலாளியும் கார் வாங்க முடிந்தது. 1956இல் அந்த நகரத்தின் கடைசி டிராம் நின்றது. (நம் மெட்ராஸ் டிராம் அதற்கும் முன்பே, 1953இல் நின்றுவிட்டது!) அதன்பின் கார் இல்லாதவர் பாடு அங்கே திண்டாட்டமானது.

ஒரகடத்தில் வேலைக்குச் சேரும் இளைஞர் முதல் சேமிப்பில் பைக் வாங்குவதும், பிறகு பழைய கார் வாங்குவதும் ஆடம்பரத்துக்காக மட்டும் அல்ல. இரவு ஷிப்டு முடிந்து வீடு போய்ச் சேர வேறு வழி இல்லாததாலும்தான். அந்த வண்டிதான் நாளை நெரிசலில் நிற்கப்போகிறது, நிறுத்த இடம் தேடப்போகிறது.

கார் ஓட்டுபவரைத் திட்டுவதால் சாலை காலியாகாது. ஆலைக்கு நிலம், தண்ணீர், மின்சாரம் ஒதுக்கும்போதே அங்கே வேலை செய்யப்போகிறவருக்கு பஸ்ஸும் ரயிலும் ஒதுக்கியிருக்க வேண்டும். அடுத்த தொழிற்பேட்டையிலாவது அதை முதலில் செய்வார்களா?