கோபர்க் கோட்டையிலிருந்து இரு கடிதங்கள்

சோர்வுற்றோரைத் தேற்றும் ஆயர்களாகிய நாம், அதே தேற்றரவை நமக்குச் சொல்லிக்கொள்ள நாணுகிறோம். ஓய்வைக் குற்றமென எண்ணுகிறோம். 1530ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் எழுதிய இரு கடிதங்களை இதனை மனத்திற்கொண்டு வாசித்தல் நலம்.

அவ்வாண்டு அவுக்ஸ்பர்க்கில் பேரரசவை கூடிற்று. 1521 முதல் பேரரசின் தண்டனைத் தீர்ப்புக்குட்பட்டிருந்த லூத்தர் அங்குச் செல்ல இயலாமல் கோபர்க் கோட்டையில் தங்கினார். சீர்திருத்தம் நிலைக்குமா, நசுக்கப்படுமா என எவரும் அறியாத காலம். தலையில் இடிமுழக்கம் போன்ற இரைச்சலால் அவரால் வாசிக்கவும் முடியவில்லை. அவுக்ஸ்பர்க்கிலோ மெலாங்தன் விசுவாச அறிக்கையை ஓயாமல் திருத்திக்கொண்டிருந்தார். மே 12இல் லூத்தர் அவருக்கு எழுதினார்: சரீரத்தைப் பேணவேண்டும், இளைப்பாறுதலாலும் தேவனுக்கு ஊழியம் செய்யப்படுகிறது, ஓய்வுநாள் கட்டளையே அதற்குச் சான்று. இதனை வெறும் உடல்நல அறிவுரையாக நாம் கொள்ளவில்லை. கிரியையினால் அன்று, கிருபையினாலே என்னும் உபதேசம் இங்கே களைத்த உடலுக்கும் உரைக்கப்படுகிறது.

அம்மாத இறுதியில் லூத்தரின் தந்தை காலமானார். செய்தி கிட்டியதும் அவர் சங்கீத நூலுடன் தனியறைக்குள் சென்று அழுதார். அத்துயரின் பின்னரே, ஜூலையில், தம் இல்லத்தில் தங்கித் தம் மகனுக்குக் கற்பித்துவந்த ஜெரோம் வெல்லரின் மனச்சோர்வுக்கு மருந்து எழுதினார்: தனிமையை விட்டோடு, பிறருடன் கூடி விளையாடு, சிரித்துப் பேசு. (மதுவைப்பற்றி அதில் அவர் கூறுவதை நம் சபைகளில் வாசிப்பது எளிதன்று!)

இவை ஏட்டறிவல்ல. 1527 ஜூலையில் அவரே நிலைகுலைந்து வீழ்ந்து, பூகன்ஹாகனிடம் பாவ அறிக்கை செய்தவர்; பின்வந்த மாதங்களில் நண்பர்களிடம் ஜெபத்தைக் கெஞ்சிக் கேட்டவர். எனினும் தம் அறிவுரையைத் தாமே முற்றும் கைக்கொண்டாரா? தீர்க்கதரிசிகளின் நூல்களை மொழிபெயர்க்கும் பணியைத் தொடர்ந்ததும், 118ஆம் சங்கீதத்திற்கு விரிவுரை எழுதியதும் அதே கோட்டையில்தான்.