தற்சுழற்சி மர உலாவில் வெற்றுக் கணு

இரும மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் இடப்பக்கம், வலப்பக்கம் என இரண்டு சுட்டுகள் உண்டு. பிள்ளைக் கணு இல்லாத பக்கத்தின் சுட்டு வெறுமையாக இருக்கும். அவ்விடமே வெற்றுக் கணு எனப்படுகிறது. 7 கணுக்கள் கொண்ட மரத்தில் 14 சுட்டுகள் உள்ளன. வேர் நீங்கலான 6 கணுக்களுக்கு 6 சுட்டுகள் போக, 8 வெறுமையானவை. மரத்தின் வடிவம் எதுவானாலும் வெற்றுக் கணுக்கள் கணுக்களைவிட ஒன்று அதிகமாகவே இருக்கும்.

வெற்று மரமும் ஒரு மரமே. இரும மரம் என்பது ஒன்று வெறுமையானது, அல்லது ஒரு வேரும் இரண்டு துணைமரங்களும் கொண்டது என்பது வரையறை. தற்சுழற்சிச் செயற்கூறும் இந்த வரையறையையே பின்பற்றுகிறது: முதலில் கணு வெறுமையா என்று பார்த்து, ஆம் எனில் உடனே திரும்புகிறது. இதுவே அதன் அடிப்படை நிலை. இச்சோதனை விடுபட்டால், இல்லாத கணுவின் மதிப்பைப் படிக்க முயன்று ஜாவா, பைத்தான் நிரல்கள் பிழை காட்டி நிற்கும். சி மொழியில் விளைவு வரையறுக்கப்படவில்லை.

வேர் 40, அதன் இடப்பிள்ளை 20, 20இன் வலப்பிள்ளை 30 எனக் கொள்வோம். இடைவரிசை உலா 40இலிருந்து 20க்கும், அங்கிருந்து அதன் வெற்று இடப்பக்கத்துக்கும் சென்று திரும்பி, 20ஐ அச்சிடுகிறது. பின்னர் 30, 40 என முடிகிறது. 3 கணுக்கள், 4 வெற்றிடங்கள் என மொத்தம் 7 அழைப்புகள் நிகழ்கின்றன. பிள்ளை உள்ளதா என்று அழைப்பதற்கு முன்பே சோதித்தால் 3 அழைப்புகள் போதும். ஆனால் சோதனையை இரு பக்கத்துக்கும் தனித்தனியே எழுத வேண்டும். வேரே வெறுமையாக இருக்கும் நிலையையும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

வெற்றுக் கணு திருப்பும் மதிப்பு கணக்கைப் பொறுத்தது. கணுக்களை எண்ணும்போதும் மதிப்புகளைக் கூட்டும்போதும் அது 0. உயரத்தைக் கணுக்களால் அளந்தால் 0, இணைப்புகளால் அளந்தால் -1. வேரிலிருந்து மிக அருகிலுள்ள இலையின் ஆழத்தைக் கணுக்களால் அளப்பதில் கூடுதல் கவனம் தேவை. இரு பக்கங்களில் சிறியதை எடுத்து 1 கூட்டினால், மேற்கண்ட மரத்தில் 40இன் வெற்று வலப்பக்கத்தால் விடை 1 என வரும். அங்கு இலை இல்லை. 30 மட்டுமே இலை என்பதால் சரியான விடை 3. ஒரு பக்கம் வெறுமையானால் மறுபக்கத்தின் ஆழத்தையே கொள்ள வேண்டும்.

முன்வரிசையில் மரத்தைக் கோப்பில் சேமிக்கையில் வெற்றுக் கணுவுக்கும் ஒரு குறி இட்டால், அந்த ஒரே வரிசையிலிருந்து மரத்தை அப்படியே மீட்டெடுக்கலாம். வெற்றுச் சுட்டுகளில் உலா வரிசையின் முந்தைய, அடுத்த கணுக்களின் முகவரிகளை வைக்கும் இழை மர முறையைப் பெர்லிஸும் தார்ன்டனும் 1960இல் வெளியிட்டனர். அவ்விழைகளைத் தற்காலிகமாக அமைத்து, தற்சுழற்சியும் அடுக்கும் இன்றி உலாவும் முறையை மோரிஸ் 1979இல் தந்தார்.