பனிச்சுவர் ஏறுவோரின் மேலாடை: பட்டிலிருந்து சாஃப்ட்ஷெல் வரை

உறைந்த அருவியில் ஏறுபவரை இரண்டு குளிர் தாக்கும். ஒன்று வெளியே வீசும் காற்றால் வருவது. மற்றது அவருடைய சொந்த வியர்வையால் வருவது. இரு கைகளிலும் பனிக்கோடரி பிடித்து, காலணியில் கூர்முள் பூட்டி ஏறும்போது உடல் கொதிக்கும். மேலே போய்க் கயிற்றைக் கட்டிவிட்டு, கீழே இருப்பவர் ஏறி வரும்வரை அசையாமல் நிற்கும்போது, சட்டைக்குள் தேங்கிய ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. ஆகவே மேலாடை காற்றைத் தடுக்கவும் வேண்டும், நீராவியை வெளியே விடவும் வேண்டும். இந்த முரணைத் தீர்க்க இருநூறு ஆண்டுகளாக முயற்சி நடக்கிறது. அதில் பூச்சும் சவ்வும் பேசப்பட்ட அளவுக்கு நெசவு பேசப்படவில்லை.

நெசவூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. காஞ்சிபுரத்தை ஒட்டிப் பாலாற்றங்கரையில் இருக்கும் செவிலிமேடு பட்டுத்தறி வட்டாரத்தைச் சேர்ந்தது. அங்கே ஒரு துணியின் தரம் என்பது இழையின் பருமன், முறுக்கு, அச்சில் ஓடும் பாவின் நெருக்கம், ஊடையை அடிக்கும் அழுத்தம் ஆகியவற்றில் இருக்கிறது. ஒரு துணி வழியாக எவ்வளவு காற்று புகும் என்பதையும் பெரும்பாலும் இவையே முடிவு செய்கின்றன.

நீரைத் தடுக்கும் முதல் வெற்றி நெசவில் கிடைக்கவில்லை. 1823இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மேக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் கரைசலைப் பூசி ஒட்டினார். மழை உள்ளே வரவில்லை. வியர்வையும் வெளியே போகவில்லை. இங்கிலாந்தின் பேஸிங்ஸ்டோக்கில் துணிக்கடை நடத்திய தாமஸ் பர்பெரி 1879இல் வேறு வழி கண்டார். நெய்த துணிமேல் பூசாமல், நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர்க்காப்பு ஏற்றி, அந்த நூலைச் சாய்வரி நெசவில் மிக நெருக்கமாக நெய்தார். 1888இல் காப்புரிமை பெற்ற அந்தத் துணிதான் கபர்டீன். இழைகளுக்கு இடையே நீராவி கசிந்து போக இடம் இருந்தது. காற்றுக்கு அவ்வளவாக இடம் இல்லை. 1911இல் தென்துருவம் அடைந்த அமுண்ட்சென் குழுவினரிடம் கபர்டீன் ஆடை இருந்தது.

1924 ஜூன் 8 அன்று எவரெஸ்டின் மேல் முகட்டில் கடைசியாகக் காணப்பட்ட மலையேறி ஜார்ஜ் மாலரியின் உடல் 1999 மே 1 அன்று 8,155 மீட்டர் உயரத்தில் கண்டெடுக்கப்பட்டது. கழுத்துப் பட்டையில் கோடல்மிங் ஊர் துணிக்கடையின் பெயர்ச்சீட்டு அப்படியே இருந்தது. சட்டைகள் பருத்தியும் பட்டும் கம்பளியுமாக அடுக்கடுக்காக இருந்தன, மேலே கபர்டீன். வெறும் கோட்டுப் போட்டுக்கொண்டு உலகின் உச்சிக்குப் போனார் என்று நெடுங்காலம் அவருக்காகப் பரிதாபப்பட்டவர்கள் இதைப் பார்த்து எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அவ்வுடைகளை நூல் நூலாக ஆராய்ந்து மறுபடி செய்தார்கள். 2006இல் மலையேறி கிரகாம் ஹொய்லண்ட் அவற்றை எவரெஸ்ட் சரிவிலேயே உடுத்திப் பார்த்தார். எடை குறைவு, அசைவுக்குத் தடையில்லை, நடந்துகொண்டிருக்கும்வரை கதகதப்புக்கும் குறைவில்லை என்பது அவருடைய முடிவு.

அந்த அடுக்கில் பட்டின் வேலை என்ன என்பது காஞ்சிபுரத்தில் எளிதில் விளங்கும். புழுவின் கூட்டிலிருந்து எடுத்த இழையைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தால், எடையில் கால் பங்கு வரை இருக்கும் செரிசின் என்னும் பசை கரைந்து போகும். மிஞ்சுவது வழுவழுப்பான, நீண்ட, அறுபடாத இழை. சாதாரணக் காற்று ஈரத்தில் அது தன் எடையில் சுமார் 11 விழுக்காடு நீரை உள்ளிழுத்தும், தொட்டால் ஈரமாகத் தெரியாது. பருத்தி இழுப்பது 8.5 விழுக்காடு, பாலியஸ்டரோ அரை விழுக்காடுகூட இல்லை. கம்பளிக்கு நடுவே பட்டு அடுக்கு இருந்தால் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகும். கையைத் தூக்கும்போது இழுத்துப் பிடிக்காது. முகூர்த்தப் புடவையைக் கனமாக்க முறுக்கேற்றி நெருக்கி நெய்யப்படும் அதே இழை, மெல்லியதாக நெய்யப்பட்டபோது மலையேறியின் உள்ளாடையானது.

மாலரியின் கடைசி ஏற்றத்துக்கு இரண்டாண்டு முன்பே, 1922இல், வேதியியலாளர் ஜார்ஜ் ஃபின்ச் பலூன் துணிக்குள் வாத்து இறகை அடைத்துத் தைத்த கோட்டோடு எவரெஸ்டுக்கு வந்தார். முதலில் கேலி செய்த தோழர்கள் பிறகு பொறாமைப்பட்டார்கள். நிற்பதற்கு ஏற்ற ஆடை அது. பனிச்சுவரில் ஏறும்போது அதை உடுத்தினால் வியர்த்துவிடும்.

இரண்டாம் உலகப் போர் பட்டின் இடத்தையே மாற்றியது. ஜப்பானியப் பட்டு நின்றுபோக, பாராசூட்டுக்காக மைசூர்ப் பட்டுக்குத் தேவை பெருகியது. 1941இல் கான்பூரில் பாராசூட் தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்காவில் 1935இல் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய நைலான், பட்டுக் காலுறைக்கு மாற்றாகச் சந்தைக்கு வந்து, போரில் பாராசூட்டாக மாறிற்று. இன்றைய மலையேற்ற மேலாடையில் இருக்கும் நைலான் பட்டின் வேலையைச் செய்வதற்காகவே பிறந்தது. அதே போரில் மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வுக்கூடம், கடலில் விழும் விமானிகளுக்காக நீண்ட இழைப் பருத்தியில் வென்டைல் என்ற துணியை நெய்தது. நனைந்தால் இழை பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது மூச்சு விடும். சவ்வு எதுவும் இல்லாமல் நெசவின் நெருக்கத்தை மட்டும் நம்பிய துணி அது. மழைக்கும் குளிருக்கும் இதைவிட நேர்மையான விடையை வேறு எந்தத் துணியிலும் காண்பது அரிது.

இந்தியாவில் குளிர்மலை உடையின் தேவை பயிற்சிக்கூடத்தோடும் படையோடும் வந்தது. 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. களப்பயிற்சிக்கு டென்சிங் நோர்கே பொறுப்பேற்றார். 1960இல் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் சென்ற முதல் இந்திய எவரெஸ்ட் குழுவின் கருவிகளிலும் உடைகளிலும் பெரும்பகுதி உள்நாட்டில் செய்தவை. 1965இல் எம். எஸ். கோலி தலைமையிலான குழு ஒன்பது பேரை உச்சியில் ஏற்றியது. இடையில் 1962இன் சீனப் போரில், பருத்திச் சீருடையோடு வடகிழக்கு எல்லை மலைகளுக்கு அனுப்பப்பட்ட வீரர்கள் பட்ட பாடு, உடைப் பற்றாக்குறை எப்படி உயிர் வாங்கும் என்பதைக் காட்டியது. 1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சின் பனியாற்றில் படை இறங்கிய பிறகும் கடுங்குளிர் உடைகளுக்கு நெடுங்காலம் வெளிநாட்டையே நம்ப வேண்டியிருந்தது. சென்னையை அடுத்த ஆவடியில் படைகளுக்கான உடைத் தொழிற்சாலை இருந்தும், பட்டும் பருத்தியும் இத்தனை நெய்யும் நாடு இருந்தும் நிலைமை அதுதான்.

1969இல் பாப் கோர், டெஃப்லானைச் சட்டென இழுத்து நுண்துளைச் சவ்வாக்கினார். கோர்டெக்ஸ் 1976 முதல் விற்பனைக்கு வந்தது. நீராவி போகும், நீர்த்துளி புகாது என்பது அதன் வாக்குறுதி. மழையில் அது காப்பாற்றப்பட்டது. ஆனால் கடுமையாக உழைக்கும் உடல் கக்கும் ஆவி சவ்வு தாங்கும் அளவைத் தாண்டிவிடும். கடுங்குளிரில் உள்ளேயே உறைபனி படியும். பனிச்சுவர் ஏறுவோர் பழைய வழிக்குத் திரும்பியதற்கு இதுவே காரணம்.

1980ஐ ஒட்டி ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹாமிஷ் ஹாமில்டன், நெருக்கமாக நெய்த பெர்டெக்ஸ் நைலானுக்குள் மயிர்த்துணியை வைத்து பஃபலோ சட்டையைத் தைத்தார். ஸ்காட்லாந்தின் ஈரக் குளிர்காலத்துக்கு அது நன்கு பொருந்தியது. 1868இல் தொடங்கப்பட்ட ஸ்விட்சர்லாந்தின் ஷோலர் ஆலை, சறுக்கு விளையாட்டுக் கால்சட்டைக்காக நெய்துவந்த நீளும் துணியை மலையேறிகளுக்காகத் தடிப்பாக்கி, உட்புறம் மென்மயிர் எழுப்பியது. 1997இல் அமெரிக்காவின் ஜாக்சனில் தொடங்கிய கிளவுட்வெயில் நிறுவனம் அந்தத் துணியில் மேலாடை தைத்தது. சாஃப்ட்ஷெல் என்ற பெயர் அதையொட்டிப் பரவிற்று.

பிறகு அந்தப் பெயர் எதற்கும் ஒட்டப்பட்டது. உள்ளே சவ்வு ஒட்டிய துணியும் சாஃப்ட்ஷெல்லாகவே விற்கப்படுகிறது. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது சவ்வு உண்டா இல்லையா என்பதை. பனிச்சறுக்குச் சரிவில் நாற்காலித் தூக்கியில் காற்றில் உட்கார்ந்திருப்பவருக்குச் சவ்வு நல்லது. பனிச்சுவர் ஏறுபவருக்குச் சவ்வில்லாத நெசவே மேல். ஆவி போவதற்குத் துணி காட்டும் எதிர்ப்பை ஆர்.ஈ.டி. என்ற எண்ணால் குறிப்பார்கள். 6க்குக் கீழ் இருந்தால் மிக நன்று, 20ஐத் தாண்டினால் உழைப்புக்கு உதவாது. அடுத்தது வெட்டு. கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் இடுப்பு வார்ப்பட்டைக்குள்ளிருந்து ஓரம் வெளியே வராதபடி அக்குளில் தனித்துண்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும். முக்காடு தலைக்கவசத்தின் மேல் வர வேண்டும். நீர் உருண்டோட மேலே ஏற்றும் பூச்சு தேய்ந்துபோகும். அதில் நெடுங்காலம் பயன்பட்ட ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால், அவை இல்லாத பூச்சுக்கு ஆலைகள் மாறிவருகின்றன.

லடாக்கிலும் ஸ்பிட்டியிலும் உறைந்த அருவிகளில் ஏறும் விளையாட்டு இப்போது வேர்விட்டிருக்கிறது. லடாக்கின் குளிர் வறண்டது, மழை அபூர்வம். அங்கே கம்பளி உள்சட்டையும் சவ்வில்லாத சாஃப்ட்ஷெல்லும், கயிறு பிடித்து நிற்கும்போது மேலே போட இறகுக் கோட்டும் போதும். ஈரப்பனி விழும் மணாலிப் பக்கம் போகிறவர் பையில் மெல்லிய மழைச்சட்டை ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும்.